தீர்ப்பில் எழுதாமல் விட்டவை: கோத்தகிரித் தாத்தா ஒருவரின் கேள்விக்குப் பதில்

ஐயா,

மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு பெற்று, இப்போது கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் தேயிலையோடு மனைவியுடன் வசிக்கிறீர்கள். பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் உங்கள் மகனும் மருமகளும் 2023இல் இருவர் சம்மதத்தின் பேரில் விவாகரத்து பெற்றார்கள். ஒன்பது வயதுப் பேத்தி தாயோடு குன்னூரில் இருக்கிறாள். பேருந்தில் ஒரு மணி நேர வழிதான். ஆனாலும் ஏழு மாதமாக அவளை நீங்கள் பார்க்கவில்லை. பேத்தியைப் பார்க்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டா, மகன் பதிவுசெய்து வைத்திருக்கும் தொலைபேசிச் சண்டைகளை நீதிமன்றத்தில் கொடுக்கலாமா, நிலத்தைப் பேத்தி பேருக்கு எழுதலாமா, ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினால் போதாதா என்று கேட்கிறீர்கள். இந்தக் கைபேசிதான் குடும்பத்தைக் கலைத்தது என்று உங்கள் மனைவி சொல்வது சரியா என்பது கடைசிக் கேள்வி. போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: பேத்தியின் குழந்தைக்காலப் படங்களைக் கேட்டு மருமகள் இரண்டு முறை ஆளனுப்பினார், மகன் தரவில்லை. மற்றக் கேள்விகளை விட இந்த வரியைத்தான் நான் அதிகம் யோசித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மாவட்டத்தின் நீதிமன்றங்களில் குடும்ப வழக்குகளை நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் விஷயத்தில் வழக்கு போடுவது கடைசிப் படியாக இருக்கட்டும்.

உரிமை பற்றிய பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பேரக் குழந்தையைச் சந்திப்பது தாத்தா பாட்டியின் தனி உரிமை என்று நம் சட்டம் எதிலும் எழுதப்படவில்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டமும் குழந்தையின் நலனையே அளவுகோலாக வைக்கின்றன. உறவினரின் ஏக்கம் அந்த அளவுகோலுக்குள் எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவுதான் செல்லுபடியாகும். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த ஒரு சிறுவனைத் தாயின் சகோதரியிடம் விடாமல் தந்தைவழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்து 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைப் பலர் உங்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லக்கூடும். அது பெற்றோர் இல்லாத குழந்தையின் வழக்கு. உங்கள் பேத்திக்குத் தாயும் இருக்கிறார், தந்தையும் இருக்கிறார். ஆகவே உங்களுக்கான வழி பெரும்பாலும் உங்கள் மகனின் சந்திப்பு உரிமை வழியாகவே போகிறது. அந்த உரிமை இப்போது செத்துக் கிடக்கிறது. அது ஏன் செத்தது என்று பார்த்தால்தான் அடுத்து என்ன செய்வது என்பது தெரியும்.

நீங்கள் அனுப்பிய விவாகரத்து ஒப்பந்த நகலில், மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை தந்தை குழந்தையைக் குன்னூரில் சந்திக்கலாம் என்று இருக்கிறது. இதை எழுதியவருக்கு மலைச்சாலை தெரியாது. பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை வேலை முடித்துக் கிளம்புகிறவர் மைசூர் வழியாக வந்தால் பந்திப்பூரில் நின்றுவிட வேண்டும். 2009 முதல் இரவு 9 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை அந்தக் காட்டுச் சாலை மூடியிருக்கிறது. சத்தியமங்கலம் வழியாக வரலாம் என்றால் 2022 பிப்ரவரியிலிருந்து திம்பம் மலைப்பாதையிலும் அதே நேரக் கட்டுப்பாடு. மீதி இருப்பது சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் என்று சுற்றி ஏறுகிற நீண்ட வழி. ஐப்பசி, கார்த்திகையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் அதுவும் இல்லை. கோத்தகிரி சாலையில் திருப்பி விடுவார்கள். போதாததற்கு 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. நீலகிரிப் பதிவான டி.என். 43 எண் இருந்தவரை உங்கள் மகன் ஊர்க்காரர். வண்டியை மாற்றிக் கர்நாடகப் பதிவு எண்ணுக்குப் போனதும், பெற்ற மகளைப் பார்க்க வருவதற்குச் சுற்றுலாப் பயணியாகப் பதிவுசெய்துகொண்டு சோதனைச் சாவடியில் கைபேசியைக் காட்ட வேண்டியவர் ஆகிவிட்டார். இதை நினைத்துச் சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்கு வர வேண்டியவர் ஒன்றரைக்கு வந்தார். குழந்தை சீவிச் சடை போட்டுக்கொண்டு வாசலில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவர் வரவில்லை. அதற்கடுத்த முறை தாய் கதவைத் திறக்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் இந்த வரிசையில் யாருடைய கெட்ட எண்ணமும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகன் அதை 'வேண்டுமென்றே தடுக்கிறாள்' என்று படித்தார். மருமகள் அதை 'குழந்தை மேல் அக்கறை இல்லை' என்று படித்தார். சாலையின் மேல் போக வேண்டிய பழி இருவர் மேலும் போயிற்று.

ஒப்பந்தம் இப்படி அரைகுறையாக அமைந்ததற்கும் காரணம் உண்டு. இருவர் சம்மதத்தின் பேரில் விவாகரத்து தரும் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. இருவரும் ஏற்கெனவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, குழந்தை, பணம் எல்லாம் பேசி முடித்திருந்தால் அந்தக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு, செத்த உறவைக் காகிதத்தில் உயிரோடு வைத்திருப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் அதன் பக்கவிளைவாக, 'பேசி முடித்துவிட்டோம்' என்று காட்டுவதற்காக அவசர ஒப்பந்தங்கள் பெருகின. கணினியில் ஒரு மாதிரி இருக்கிறது. பெயரையும் தேதியையும் தொகையையும் மாற்றினால் நான்கு பக்கம் தயார். சென்னையில் அண்ணா நகருக்கும் அடையாறுக்கும் பொருந்துகிற சந்திப்பு ஷரத்து, பெங்களூருக்கும் குன்னூருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இது என் தொழிலைச் சேர்ந்தவர்களின் குறை. நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

இதைத் திருத்த முடியும். விவாகரத்துத் தீர்ப்பாணை வந்த பிறகும், குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி தொடர்பான ஏற்பாடுகளை மாற்றக் கேட்டு அதே சட்டத்தின் 26ஆம் பிரிவில் மனுப் போடலாம். வழக்கின் தரப்பினர் என்ற முறையில் உங்கள் மகன் போடுவதே நேரான வழி. மருமகளும் ஒப்புக்கொண்டு இருவரும் சேர்ந்து போட்டால் வேலை எளிது. அதில் என்ன எழுத வேண்டும் என்பதைத்தான் மலைக்குத் தகுந்தபடி யோசிக்க வேண்டும். மாதம் இரண்டு சனிக்கிழமைக்குப் பதிலாக மாதம் ஒரு முறை, சனி பிற்பகல் முதல் ஞாயிறு மாலை வரை, கோத்தகிரியில் உங்கள் வீட்டில் என்று மாற்றலாம். மலைப்பாதை மூடினால் அந்தச் சந்திப்பு அடுத்த வாரத்துக்குத் தானாகத் தள்ளிப்போகும் என்று எழுதலாம். மகனால் வர முடியாத மாதத்தில் தாத்தாவோ பாட்டியோ குன்னூருக்குப் போய்க் குழந்தையை அழைத்துவரலாம் என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், சட்டம் நேரடியாகத் தராத இடம் உங்களுக்கு ஒப்பந்தத்தின் வழியாகக் கிடைத்துவிடும். நீதிமன்றப் படி ஏறுவதற்கு முன்பே இதைப் பேசி முடிக்க, உதகையில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 15100 என்ற எண்ணில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

வீடியோ கால் பற்றி உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு சொல்கூட இல்லை. 2020இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், நேரில் சந்திக்கும் உரிமையோடு தொலைபேசி, மின்னஞ்சல், வீடியோ அழைப்பு வழியாகத் தொடர்பில் இருக்கும் உரிமையையும் தனியாக எடுத்துச் சொன்னது. ஊர்விட்டு ஊர் போன பெற்றோருக்கு இது பெரிய ஆதரவு. ஆகவே வாரத்தில் இன்ன நாள், இன்ன நேரம், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்பது வரை எழுதுங்கள். சிக்னல் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். குன்னூர் நகரத்தில் அந்தச் சிரமம் குறைவு. ஆனால் உங்கள் பக்கத்தில் ஒரு மழை பெய்தால் தோட்டத்தின் மேல்மேட்டுக்கு ஏறிப் போய்த்தான் பேச வேண்டியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அழைப்பை வாங்கித் தருவது நீதிமன்றத்தின் வேலை. அதில் என்ன பேசுவது என்பது வேறு சங்கதி. நான் பார்த்த பல வீடுகளில் இந்த அழைப்பு மூன்றே நிமிடத்தில் வற்றிவிடுகிறது. 'சாப்பிட்டியா?' 'ம்.' 'ஸ்கூல் எப்படி?' 'நல்லா இருக்கு.' 'அம்மா என்ன பண்றாங்க?' மூன்றாவது கேள்வியில் குழந்தையின் கண் கைபேசிக்கு மேலே, எதிரே நிற்கும் தாயின் பக்கம் போகும். அதோடு முடிந்தது. தாயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். நல்ல எண்ணத்தில் கேட்டாலும் அந்த வீட்டில் அது உளவாகவே கேட்கும். உதகையில் ஒரு பாட்டி செய்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கைபேசியைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் பேரன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பான். முக்கால் மணி நேரத்தில் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். திடீரென்று அவன், 'அப்பத்தா, அந்தப் பட்டாணில புழு இருக்கு பாரு' என்பான். பக்கத்தில் இருந்தால் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வழக்கில் நான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். அந்த ஏற்பாட்டை மட்டும் நிறுத்தச் சொல்லி என் கட்சிக்காரர் என்னிடம் ஒருபோதும் கேட்கவில்லை.

அடுத்து, பதிவுசெய்த பேச்சுகள். மின்னணுச் சான்றுகளுக்கு இப்போது 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியமும் அதன் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் பொருந்தும். கணவன் மனைவி ஒருவருக்கொருவர் தெரியாமல் பதிவுசெய்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மகனின் நண்பர்கள் அதைச் செய்தியில் படித்துவிட்டுச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது விவாகரத்துக்கான காரணத்தை மெய்ப்பிக்கும் கட்டத்தைப் பற்றியது. உங்கள் வழக்கில் விவாகரத்து முடிந்துபோயிற்று. இனிமேல் அந்தப் பதிவு எதை மெய்ப்பிக்கப் போகிறது? நள்ளிரவில் கோபத்தில் ஒரு பெண் கத்தியதைக் கேட்டுவிட்டு, குழந்தையைத் தாத்தாவிடம் அனுப்புங்கள் என்று எந்த நீதிபதியும் சொல்லப் போவதில்லை. தன் குரலை ஆறு மாதம் சேமித்து வைத்திருந்த வீட்டுக்கு மகளை அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. மகனிடம் சொல்லி அந்தப் பதிவுகளை அழிக்கச் சொல்லுங்கள்; குறைந்தபட்சம், அவற்றைப் பற்றிப் பேசுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

இதே வகையில் இன்னொரு நிகழ்ச்சி. எல்லா வழியிலும் எண்ணைத் தடைசெய்து வைத்திருந்த மனைவிக்கு, ஒரு கணவர் பணம் அனுப்பும் செயலியில் ஒரு ரூபாய் அனுப்பி, குறிப்பு எழுதும் கட்டத்தில் 'பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா' என்று கேட்டார். மறுநாள் இன்னொரு ரூபாய், இன்னொரு வரி. இப்படி நாற்பதுக்கு மேற்பட்ட ஒற்றை ரூபாய்கள். அந்த அம்மாள் அதை வங்கிக் கணக்கு அறிக்கையோடு தொல்லைக்குச் சான்றாகக் கொண்டுவந்தார். கணவர் அதே அறிக்கையைத் தன் பாசத்துக்குச் சான்றாகக் காட்டினார். இருவர் சொன்னதும் உண்மை என்றுதான் எனக்குப் பட்டது. உங்கள் மகனும் இப்படி எதையாவது செய்துகொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மாதப் பராமரிப்புத் தொகையை ஒரே தேதியில், வங்கி வழியாக, குறிப்புக் கட்டத்தில் மாதத்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்பட்டும்.

இப்போது உங்கள் மனைவியின் கேள்வி. கைபேசி குற்றவாளியா? ஒரு பங்கு அதற்கு உண்டு. முன்பு கணவன் மனைவிக்குள் வாய்ச்சண்டை வந்தால் இலைப்பை தூக்கும் நேரத்தில் பாதி மறந்துபோகும். இன்று அதே சண்டை எழுத்தாக நடக்கிறது, எழுத்து ஸ்கிரீன்ஷாட் ஆகிறது, ஸ்கிரீன்ஷாட் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் போகிறது. சமாதானம் ஆன பிறகும் அது அங்கே கிடக்கிறது. ஆனால் உங்கள் குடும்பம் கலையத் தொடங்கியது கைபேசிக்கு முன்பே என்று நான் நினைக்கிறேன். 1960இல் தொடங்கிய உங்கள் ஆலை கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே சுருளும் செய்து இந்து நகர் என்ற ஒரு குடியிருப்பையே வாழவைத்தது. டிஜிட்டல் படம் வந்து சுருளுக்கே வேலையில்லாமல் செய்தது. அதே காலத்தில், 1990களின் இறுதியில், பச்சைத் தேயிலை விலையும் சரிந்தது. தகப்பன் வேலை பார்த்த இடத்தில் மகனுக்கு வேலை, இல்லாவிட்டால் இலை பறித்தாவது பிழைக்கலாம் என்ற இரண்டு பிடிமானமும் ஒரே தலைமுறையில் போயின. பிள்ளைகள் கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூர் என்று இறங்கினார்கள். சண்டை வந்தால் குறுக்கே நின்று பேச ஒரு சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ இல்லாத அடுக்குமாடியில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் தலைமுறைக்கு இது பிடிக்காமல் போகலாம். அந்தக் காலத்தில் குடும்பங்கள் பிரியவில்லை என்பது முழு உண்மை இல்லை. பிரிந்தவர்கள் நீதிமன்றத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். பெண் பிறந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு 'வாழாவெட்டி' என்று ஒரு பேர் வைத்தோம். உங்கள் மருமகளுக்குக் கையில் ஒரு சம்பளம் இருந்ததால் அந்தப் பேர் இல்லாமல் வெளியே வர முடிந்தது. அதை ஒரு கெடுதலாக நான் கணக்கில் எழுத மாட்டேன். அதிலும் நம் மலையில் மணமுறிவு புதிய சங்கதியே இல்லை. படகர்களிடமும் பழங்குடியினரிடமும் பிரிவும் மறுமணமும் ஊரறிய நடந்து வந்த வழக்கங்கள். அதைப் பெரிய களங்கமாகப் பார்க்கும் பார்வை பெரும்பாலும் கீழே சமவெளியிலிருந்து ஏறி வந்தது என்பது என் எண்ணம். சட்டமும் இதற்கு இடம் வைத்திருக்கிறது: இந்து திருமணச் சட்டம், அரசு தனியாக அறிவித்தாலொழிய, அட்டவணைப் பழங்குடியினருக்குப் பொருந்தாது, மற்றவர்களிலும் வழக்கப்படி நடந்த மணமுறிவை, அந்த வழக்கத்தை மெய்ப்பிக்க முடிந்தால், 29ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. மெய்ப்பிக்க முடியாவிட்டால் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரம் வெறும் தாள்தான்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுவதைப் பற்றி நீங்கள் கேட்டதும் இதனால்தான் என்று தெரிகிறது. அவர்கள் சொல்வது குழந்தை விஷயத்தில் யாரையும் கட்டுப்படுத்தாது. இருபது ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அந்தப் பெண்ணை வந்து நிற்கச் சொல்வதும் வேண்டாம். அவர் மதிக்கும் ஒரே ஒரு மூத்த பெண்மணி, முடிந்தால் உங்கள் மனைவியே, அவர் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

உங்கள் கடிதத்தில் 'முன்னாள் மருமகள்' என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தமிழில் அந்தச் சொல் ஒட்டவே மாட்டேன் என்கிறது. முன்னாள் அமைச்சர் உண்டு, முன்னாள் தலைவர் உண்டு. முன்னாள் மாமா, முன்னாள் அத்தை என்று யாரும் வாய் திறந்து கூப்பிட்டதில்லை. அந்தப் பெண் உங்களை 'மாமா' என்று கூப்பிட்டவர். தீர்ப்புக்குப் பிறகு என்னவென்று கூப்பிடுவது எனத் தெரியாததாலேயே அழைக்காமல் இருக்கிறாரோ என்னவோ. இந்தத் தயக்கத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பெரியவர்தான் முதலில் 'நல்லா இருக்கியாம்மா' என்று அதை உடைக்க வேண்டியிருக்கிறது.

அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து 'போய்விட்டார்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவராக வெளியேறினாரா, யாராவது நீக்கினார்களா என்று குழுவை நடத்துகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். பதினோரு ஆண்டு மருமகளாக இருந்தவரை உங்கள் தம்பியோ அக்கா மகனோ தீர்ப்பு வந்த அன்றே கட்டைவிரலால் தள்ளிவிட்டிருந்தால், அதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது. மறுபடியும் சேர்க்க வேண்டாம். அது அவருக்கே சங்கடம்.

சொல்லப்போனால் குடும்பம் இன்று அவிழ்வது இப்படிப்பட்ட சின்னச் சின்ன முடிச்சுகளில்தான். மருமகள், பேத்தி இருவர் பெயரும் இன்னும் உங்கள் குடும்ப அட்டையில் இருக்கிறது என்கிறீர்கள். பேத்தி பெயரை எடுக்க மனமில்லை என்று உங்கள் மனைவி சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் அட்டையிலிருந்து நீக்காமல் குன்னூரில் எந்த அட்டையிலும் அவர்களைச் சேர்க்க முடியாது. நீக்கக் கோரினால் வருகிற ஓடிபி உங்கள் எண்ணுக்குத்தான் வரும். பேத்தியின் ஆதாரில் உங்கள் மகனின் எண் இருக்கிறது. ஆதாரைத் தரவிறக்க வேண்டுமென்றால் இ-சேவை மையத்தில் நிற்கும் தாய், பெங்களூரில் ஏதோ கூட்டத்தில் இருக்கும் முன்னாள் கணவரை அழைத்து ஆறு இலக்க எண்ணைக் கேட்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் எண் காலாவதியாகிவிடும். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். தாய் குழந்தையோடு ஆதார் மையத்துக்குப் போய்த் தன் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் மகன் அதை ஒரு தோல்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பள்ளியில் பதிவான பெற்றோர் எண்ணும் அப்படியே: இருவர் எண்ணையும் கொடுக்கும்படி இருவருமே தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுக்கட்டும். குடும்ப அட்டை விஷயத்தை நீங்களே, அவர்கள் கேட்பதற்கு முன், தீர்ப்பாணை நகலோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் முடித்துக் கொடுங்கள். பெயரை நீக்குவது ஒரு உதவியாக அமைவது இந்த ஒரு இடத்தில்தான் இருக்கும்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விவாகரத்துக்குப் பிறகு மனைவி கணவனுக்கு வாரிசாக மாட்டார். மகள் எப்போதும் தந்தைக்கு முதல் வகுப்பு வாரிசுதான், அதை எந்தத் தீர்ப்பும் தொடவில்லை. நீங்கள் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய நிலம் என்றால் விருப்பம்போல் பேத்திக்கு உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவுசெய்துவிடுவது நல்லது. பூர்வீகம் கலந்திருந்தால் பத்திரங்களை யாரிடமாவது காட்டிவிட்டு எழுதுங்கள். 'தாய்வழியினர் தொடாதபடி' என்ற சொற்களை உயிலில் சேர்க்கச் சொன்னீர்கள். அதைச் சேர்க்காதீர்கள். பேத்தி இருபது வயதில் அந்த உயிலைப் படிப்பாள்.

இனி அந்தப் படங்கள். பேத்தி பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் உங்கள் மகன் தன் பெயரில் தொடங்கிய கூகுள் கணக்கில் இருக்கின்றன. இருவர் கைபேசியிலும் அந்தக் கணக்கே ஓடியது. பிரிந்தபோது அவர் கடவுச்சொல்லை மாற்றினார். அதனால் தாயிடம் தன் மகளின் முதல் ஆறு ஆண்டுகளின் படம் அநேகமாக ஒன்றுகூட இல்லை. இதை ஒரு பேரப்பொருளாக வைத்துக்கொள்ளலாம், 'குழந்தையைக் காட்டினால் படத்தைத் தருகிறோம்' என்று சொல்லலாம் என்று உங்கள் வீட்டில் யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். அதைச் செய்தீர்களானால் நான் மேலே எழுதிய எதுவும் உதவாது. எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கணக்கிலிருந்து எல்லாப் படங்களையும் மொத்தமாகத் தரவிறக்கும் வசதியைக் கூகுளே தருகிறது. ஒரு பென்டிரைவில் போட்டுவிடலாம். தாமதமும் வேண்டாம். 2021 ஜூன் முதல் படங்களும் 15 ஜிபி இலவச இடத்துக்குள்தான் கணக்கிடப்படுகின்றன; இரண்டு ஆண்டு யாரும் திறக்காத கணக்கை நீக்கிவிடும் விதியும் வந்திருக்கிறது. மகன் புதிய கணக்குக்கு மாறிப் பழையதை மறந்துவிட்டால் அந்த ஆறு ஆண்டுகள் யாரிடமும் இருக்காது.

பென்டிரைவ் மகனின் பங்கு. உங்கள் பங்குக்கு வேறொன்று செய்யுங்கள். உங்கள் வீட்டு ஆல்பத்தில் மகனின் குழந்தைப்பருவக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் சிலவும், பேத்தியின் படங்களில் சிலவும், நீங்களும் உங்கள் மனைவியும் அவளோடு இருப்பவை சிலவும், அவள் தாய் அவளைத் தூக்கி வைத்திருப்பவை கட்டாயம் சிலவும் எடுத்து, மொத்தம் முப்பத்தாறு மட்டும் ஸ்டுடியோவில் கொடுத்துத் தாளில் அச்சிடுங்கள். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு என்ற கணக்கு உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதோடு மருமகளுக்குக் கையால் ஒரு கடிதம்: நலம் விசாரிப்பு, குழுவில் நடந்ததற்கு வருத்தம், குடும்ப அட்டை வேலை முடிந்த செய்தி, பேத்தியை எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை அவரே சொல்லட்டும் என்ற ஒரு வரி. மகனைப் பற்றி அதில் ஒன்றும் வேண்டாம். படங்களின் பின்பக்கத்தில் இடமும் ஆண்டும் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நாளடைவில் முன்பக்கத்துக்கு ஊறி வந்துவிடும்.